இருபத்திரண்டரை பவுண்டு

நம்புகிறவர்கள் நம்பட்டும். நோரா வாய்க்கு வந்ததைச் சொல்லும் பெண் இல்லை. அவளுக்கு நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

1943. யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். பெங்களூரில், அல்சூர் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் நோரா குழந்தைகள் வார்டு நர்ஸ். நிமோனியாவுக்குப் புதிதாக வந்திருந்த மாத்திரை அப்போது குதிரைக்கொம்பு. ஒவ்வொன்றும் ஏழரை கிரெயின் எடை, அரை கிராம் மாதிரி. பவுண்டு எடைக்கு நாளுக்கு ஒரு கிரெயின் என்று டாக்டர் சொல்லி வைத்திருந்தார். கூடிப்போனால் உடம்பு தாங்காது; குறைந்தால் காய்ச்சல் அடங்காது. தராசில் நிறுக்காமல் நோரா எந்தக் குழந்தைக்கும் அதைக் கொடுத்ததில்லை.

அன்றைக்கு மிச்சம் மூன்றே மாத்திரை. மூன்றும் வார்டில் கிடந்த ஜூடித் என்ற குழந்தைக்கு. மறுநாள்தான் மதராஸிலிருந்து பார்சல் வரும்.

மத்தியானம் நல்ல மழை. ஒரு பெண் தன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். வீடு மர்பி டவுனாம். பிள்ளை பெயர் ஷங்கராம். ஒன்றரை வயசு இருக்கும். மூச்சு இழுத்தது. கர்... கர்... என்று வார்டு முழுக்கக் கேட்டது.

நோரா அவனைத் தராசில் கிடத்தினாள். தட்டு இறங்கவில்லை. எதிர்த்தட்டில் கல்லைக் குறைத்தாள். இறங்கவில்லை. எல்லாக் கல்லையும் எடுத்துவிட்டாள். அப்படியே நின்றது...

தராசு எங்கோ சிக்கிக்கொண்டது என்று நினைத்தாள்.

“இருபத்திரண்டரை பவுண்டு, நர்சம்மா,” என்றாள் அந்தப் பெண். “போன வாரம் இங்கதான் நிறுத்தாங்க. மருந்து இல்லேன்னு அனுப்பிட்டாங்க.”

நோரா கணக்குப் போட்டாள். இருபத்திரண்டரை கிரெயின். ஏழரையால் வகுத்தால் மூன்று. இருப்பதும் மூன்று. ஜூடித்துக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. நாளைவரை தாங்குவாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, மூன்றையும் பொடித்துப் பொட்டலம் கட்டினாள். பிள்ளையை வார்டில் சேர்க்கச் சொன்னாள். பெண் சம்மதிக்கவில்லை. பொட்டலம் வாங்கிய விரல்கள் சில்லிட்டிருந்தன.

மழையில் நனைந்து வந்தவள்தானே.

சாயங்காலம் தராசைச் சரிபார்க்க, ஒரு மருந்து பாட்டிலைத் தட்டில் வைத்தாள்.

டக்.

தட்டு இறங்கியது. தராசில் கோளாறே இல்லை.

அதே நேரம் ஜூடித்துக்குக் காய்ச்சல் ஏறத் தொடங்கியது. விடிவதற்குள் குழந்தை போய்விட்டாள். அதற்கப்புறம்தான் பார்சல் வந்தது.

அந்தப் பையனாவது பிழைக்கட்டும் என்று மாத்திரைகளோடு நோரா மர்பி டவுனுக்கு ஓடினாள். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். வாசலில் ஷங்கரின் அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

“நேத்து காலைலயே போயிட்டான்மா. மழை வர்றதுக்குள்ள பொதச்சிட்டோம்.”

நேற்றுக் காலை... அவள் மருந்து கொடுத்தது மத்தியானம்.

நோரா பையனின் அம்மா எங்கே என்று கேட்டாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“அவனப் பெத்த அன்னிக்கே அவ செத்துட்டாளே.”