இலுப்பை மரத்தடி காலியாக இருந்த பதினோரு படங்கள்

மரங்களைப் படம் எடுக்கத் தொடங்கியபோது எனக்கு நானே சில விதிகளை எழுதி வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு பெரிய மரத்தையும் ஆண்டுக்கு ஒரு முறை, ஏறக்குறைய அதே நாளில், அதே இடத்தில் நின்று எடுக்க வேண்டும். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவை அளக்க வேண்டும். படத்தில் மனிதர்களோ வண்டிகளோ இருக்கக் கூடாது. கடைசி விதியைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருந்தேன்.

நான் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். வீடு சிட்லபாக்கத்தில். தாம்பரத்தைச் சுற்றி, பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய இருபத்து மூன்று முதிய மரங்கள் என் பட்டியலில் இருக்கின்றன. முதலில் இருபத்தெட்டு இருந்தன. சாலையை அகலப்படுத்தியபோது ஐந்து போய்விட்டன. வெட்டப்பட்டவற்றுக்கு எதிரே ஒரு சிறு கோடு போட்டிருக்கிறேன். இதெல்லாம் யாருக்கு என்று என் கணவர் ஆரம்பத்தில் கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்.

பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது அஸ்தினாபுரத்தில் ஒரு தெருமுனையில் நிற்கும் இலுப்பை. கோயில் தோட்டங்களில்தான் இலுப்பையைப் பார்த்திருக்கிறேன். வீடுகளுக்கு நடுவே, இவ்வளவு பருத்த ஒன்று எப்படித் தப்பியது என்று தெரியவில்லை. அதன் வயது யாருக்கும் தெரியாது. அடிமரம் கரும்பாறை மாதிரி வெடித்திருக்கும். தை மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காலை ஆராதனை முடிந்ததும் நேராக அங்கே போய்விடுவேன். எட்டரை மணி வெயில் அந்தப் பட்டையில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு வெடிப்பும் தெரியும்.

முதல் ஆண்டு போனபோது மரத்தடியில் ஒரு இஸ்திரி வண்டி நின்றது. சக்கரங்களுக்கு அடியில் செங்கல் வைத்திருந்தது. முப்பத்தைந்து வயது இருக்கும் ஒரு பெண் கரிப்பெட்டியை விசிறிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டே நிமிஷம், வண்டியைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிக்க முடியுமாம்மா?"

"ஏங்க்கா, கார் எடுக்கணுமா?"

"இல்ல. மரத்தை போட்டோ எடுக்கணும்."

"மரத்தையா?" அவள் மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இன்னாக்கா, மரத்துக்கு மாப்ள பாக்குறீங்களா?"

சிரித்துக்கொண்டே தள்ளினாள். ரெண்டு நிமிஷம் என்று நான் சொன்னது பொய். பெட்டியை இறக்கி ஓரமாக வைக்க வேண்டும். மடித்த துணிகளைப் போர்வையில் மூட்டை கட்ட வேண்டும். செங்கற்களை உருவ வேண்டும். வண்டியின் ஒரு சக்கரம் சுழலாது. அதைத் தூக்கித் தூக்கித்தான் நகர்த்த வேண்டும். தரையில் கிடந்த சாம்பலையும் கரித்துண்டுகளையும் அவளே துடைப்பத்தால் கூட்டிவிட்டாள். நான் கேட்கவில்லை. ஆனால் கூட்டி முடிக்கும் வரை காத்திருந்தேன்.

அளப்பதற்கும் அவள்தான் வந்தாள். அத்தனை பெரிய மரத்தை ஒருத்தி தனியாக அளக்க முடியாது. டேப்பின் பூஜ்ஜிய முனையை அவள் பட்டையில் வைத்து அழுத்திக்கொள்ள, நான் மரத்தைச் சுற்றி வருவேன்.

அடுத்தடுத்த ஆண்டுகளில் நான் வாய் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. தெருமுனையில் என் தலை தெரிந்ததும், "தோ, மரத்துக்கு மேக்கப் போட வந்துட்டாங்க" என்று எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே மூட்டை கட்ட ஆரம்பித்துவிடுவாள். அளந்து முடித்ததும், "எவ்ளோக்கா ஏறிச்சி?" என்பாள்.

"ஒரு சென்டிமீட்டர்."

"நான் வருசத்துக்கு நாலு கிலோ ஏர்றேன். இது இன்னா இம்மாஞ் சோம்பேறியா கீது!"

நானும் சிரிப்பேன். அவளுக்கு இரண்டு பெண்கள் என்பதும், அவளுடைய கணவர் துணிகளை சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பவர் என்பதும் எனக்குத் தெரியும். ஒவ்வொரு ஆண்டும் பத்து நிமிடம் பேசியிருக்கிறோம். வீட்டுக்கு வந்ததும் நோட்டைத் திறந்து எழுதுவேன். "வானம் தெளிவு. காற்று இல்லை. சுற்றளவு 4.86 மீ. வடக்குக் கிளைப் பொந்தில் கிளிகள் இரண்டு."

பதினோரு ஆண்டுகள் இப்படிப் போயின. கடந்த ஐப்பசியில் அந்தப் பகுதிக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் எப்படியோ என் படங்களைப் பற்றிக் கேள்விப்பட்டு என்னை அழைத்தார். ஓய்வு பெற்ற பொறியாளர், நல்ல மனிதர். சங்கக் கூட்டத்தில் இலுப்பையின் பதினோரு படங்களையும் வரிசையாக மாட்டினோம். பதினோரு மரமும் ஒரே அச்சாக இருந்தன. கிளைகளில் மட்டும் சின்னச் சின்ன மாற்றம். அடியில் சுத்தமான தரை. எனக்கே பெருமையாக இருந்தது.

கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து கேட்டார். "மேடம், இதையெல்லாம் கம்ப்யூட்டர்ல சுத்தம் பண்ணினீங்களா?"

"ஒரு புள்ளியைக்கூட மாத்தல சார். உள்ளது உள்ளபடி எடுத்தது."

கை தட்டினார்கள். நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று அப்போது நிஜமாகவே நினைத்தேன்.

இந்தத் தை முதல் ஞாயிறு போனபோது மரத்தடி காலியாக இருந்தது. மரத்தைச் சுற்றி வெள்ளைச் சுண்ணாம்பில் ஒரு வட்டம். இஸ்திரி வண்டி எதிர்ப்பக்கம், ஒரு மதில் ஓரமாக நின்றது. அவள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வாட்டி உங்களுக்கு வேல மிச்சம்க்கா. ஏற்கெனவே காலி பண்ணிட்டாங்க."

என்ன நடந்தது என்று சொன்னாள். சங்கத்தில் பாரம்பரிய மரம் என்று பலகை வைத்து, வேலி போட்டு, உள்ளே உட்காரக் கல் பெஞ்சு போடப் போகிறார்களாம். அவளை எதிர்ப்பக்கம் போகச் சொல்லிவிட்டார்கள். இடையில் மாநகராட்சி தெரு வியாபாரிகளின் பட்டியல் எடுக்கும் வேலையும் நடக்கிறது. நெடுநாளாக அங்கே இருந்ததற்கு ஆதாரம் காட்டினால் மரத்தடி இடத்தை அவள் பெயரிலேயே எழுதிவிடுவார்கள். அவள் நேற்று முளைத்தவள் என்று சங்கத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"பதினாறு வருசமா நிக்கிறேன். எனக்கு எவன் ரசீது குடுத்தான்? அப்பதான் உங்க நெனப்பு வந்திச்சி. நீங்க வருசா வருசம் எடுக்குறீங்க இல்ல? தேதியோட கீதுன்னு சொன்னீங்களே. அதுல ஏதாவது ஒண்ணுல என் வண்டி இருக்கும் இல்லக்கா? ஒண்ணே ஒண்ணு குடுங்க, போதும்."

"பாக்கறேன்மா," என்றேன்.

பார்க்கத் தேவையில்லை என்பது அதைச் சொல்லும்போதே எனக்குத் தெரியும். இருந்தும் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் திறந்தேன். ஆண்டுக்கு ஒன்பது படம், மொத்தம் தொண்ணூற்றொன்பது. வண்டி வரும் பரிசோதனைப் படங்களை அன்றன்றே அழித்துவிடுவது என் வழக்கம். டேப்பின் அளவைப் பதிவு செய்த நெருக்கமான படங்களில் ஒரு விரல் தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். என் மோதிரம். நோட்டுகளையும் வரி வரியாகப் படித்தேன். கிளிகள் இருந்தன, எறும்புப் புற்று இருந்தது, ஒரு முறை மரங்கொத்தியும் இருந்தது. அவள் இல்லை.

அடுத்த வாரம் வார்டு அலுவலகத்தில் விசாரணை. அவள் கூப்பிட்டதால் போனேன். செயலாளரும் வந்திருந்தார். கூட்டத்தில் மாட்டிய என் படங்களைச் சுருட்டி எடுத்து வந்திருந்தார். மேசைமேல் ஒவ்வொன்றாக விரித்தபோது அவற்றின் கீழ் மூலையில் என் கையெழுத்தில் இருந்த தேதிகளை நானே தலைகீழாகப் படித்தேன்.

அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "பதினோரு வருஷம், தேதியோட இருக்கு. ஒண்ணுலகூட வண்டி இல்லையேம்மா?"

"அது நான்தான் சார் தள்ளி வச்சேன். அக்கா போட்டோ எடுக்கணும்னு." அவள் என் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்கக்கா."

அதிகாரி என்னைப் பார்த்தார். "நீங்கதானே எடுத்தது? இவங்க வண்டி அங்க நின்னுதா?"

ஆமாம் என்று ஒரே சொல்லில் முடிந்திருக்கும். செயலாளர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளது உள்ளபடி என்று நான் சொன்ன வாக்கியமும் கை தட்டலும் அவருக்கு நினைவிருக்கும். வண்டியை நகர்த்தச் சொல்லி, தரையைக் கூட்ட வைத்து எடுத்த படங்கள் என்று அவர் எதிரில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"இருந்திருக்கலாம் சார்," என்றேன். "நான் மரத்தைத்தான் கவனிப்பேன்."

அதிகாரி ஏதோ எழுதினார். செயலாளர் படங்களைக் கவனமாகச் சுருட்டினார்.

வெளியே வந்ததும் அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். செருப்பை மாட்டிக்கொண்டே, "ரெண்டு கிளி இருந்தா தெரியும். இம்மாம் பெரிய பொம்பள தெரியாது," என்றாள். கிளிகளை நான்தான் அவளுக்குக் காட்டியிருந்தேன்.

அன்றைய நாட்குறிப்பில் அலுவலக முகவரியையும் போன நேரம் திரும்பிய நேரத்தையும் எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. இரண்டு ஞாயிறுகள் சர்ச்சில் பாவ அறிக்கை சொல்லும்போது வாய் மட்டும் அசைந்தது. என் கணவரிடம் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "அப்போ உன் போட்டோதான் அவளைக் காலி பண்ணியிருக்கு," என்றார். நான் சாட்சி சொல்லாததைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருந்தேன். அவர் அதற்கும் முன்னால், சங்கத்தில் படங்களை மாட்டிய நாளுக்கே போய்விட்டார்.

பதினேழாவது நாள் கடிதம் எழுதினேன். எந்தெந்தத் தேதியில் படம் எடுத்தேன், ஒவ்வொரு முறையும் வண்டி மரத்தடியில் நின்றது, என் வேண்டுகோளின் பேரில் அகற்றப்பட்டது, விசாரணையில் நான் அளித்த பதில் சரியல்ல என்று ஒரு பக்கத்தில் எழுதினேன். கொடுப்பதற்கு முன் அவளிடம் காட்ட வேண்டும் என்று தோன்றியது. போனேன். அதற்குள் இலுப்பையைச் சுற்றி இடுப்பளவு கம்பி வேலி வந்துவிட்டிருந்தது. சிமெண்டு இன்னும் ஈரமாக இருந்தது.

"படிச்சிக் காட்டுங்க," என்றாள், தேய்ப்பதை நிறுத்தாமல்.

படித்தேன். தெருவில் நின்றுகொண்டு, "என் வேண்டுகோளின் பேரில்" என்பதை உரக்கப் படிப்பது எழுதியதைவிடக் கடினமாக இருந்தது. பதினோரு ஆண்டுகளும் என்ற இடத்தில் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"பதினொண்ணு இல்லக்கா, பத்து. பெரிய வெள்ளம் வந்த வருசம், அதுக்கடுத்த பொங்கலுக்கு எங்க வூட்டுக்காரருக்கு மஞ்சக் காமாலை. ஜி.எச்.ல கெடந்தாரு. பதினஞ்சு நாள் வண்டியே போடல. நீங்க வந்துட்டுப் போனீங்கன்னு, அன்னிக்கு டேப்பு புடிச்ச எதிர்வூட்டு அண்ணன் சொல்லிச்சி."

அந்த ஆண்டின் பக்கத்தைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். வானிலை இருந்தது, சுற்றளவு இருந்தது. அவள் வரவில்லை என்பதை நான் கவனித்ததற்கு எந்த அடையாளமும் இல்லை. அவளுடைய கணக்குதான் சரி.

"பத்துன்னே போட்டுடலாமா? பதினொண்ணுன்னா உங்களுக்கு இன்னும் பலமா இருக்குமே," என்று கேட்டேன்.

"எனக்காவ பொய் வேணாம்க்கா. பத்தே போதும்."

பத்து என்று திருத்தி, பக்கத்தில் கையெழுத்திட்டேன். அதிகாரி கடிதத்தை இரண்டு முறை படித்தார். "இதை அன்னிக்கே வாயால சொல்லியிருந்தீங்கன்னா ஒரு வரியில முடிஞ்சிருக்கும்," என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அந்த மாதச் சங்கக் கூட்டத்திலும் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி, எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். கலையும்போது ஒரு அம்மா என் கையைப் பிடித்து, "அதுக்கென்ன மேடம், போட்டோ நல்லாத்தானே இருக்கு," என்றார். செயலாளர் என் பக்கம் பார்க்காமல் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

பங்குனியில் முடிவு வந்தது. கடிதத்தை ஏற்று அவளைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். இடம் மட்டும் மரத்தடி இல்லை. வேலி கட்டி முடிந்துவிட்டதால் இப்போது நிற்கிற இடத்தையே எழுதியிருக்கிறார்கள். மதிலில் அவளுக்கு ஒரு பதிவு எண்ணை மஞ்சள் பெயிண்டில் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். செய்தி கேட்டுப் போனபோது பதினொன்றரை மணி இருக்கும். இலுப்பை பழைய இலைகளைக் கொட்டிவிட்டுச் செம்பு நிறத்தில் துளிர்த்திருந்தது. வேலிக்குள் கல் பெஞ்சில் யாரும் இல்லை. அவள் வெயிலில் ஒரு வெள்ளைச் சட்டையின் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கழுத்து வியர்வை சட்டையில் விழாதபடி தலையைப் பின்னுக்குச் சாய்த்திருந்தாள்.

இங்கே எப்போது வரை நிழல் இருக்கும் என்று கேட்டேன்.

"ஒம்போது மணி வரிக்கும் கீதுக்கா," என்றாள். "அப்பறம் இல்ல."