நாலாவது படத்தை மட்டும் கேட்காதீர்கள்

போன வாரம், கோயம்புத்தூரில் மகள் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு ராணிப்பேட்டை திரும்பினேன். கதவைத் திறந்தால் ஹால் சுவரில் நாலு ஆணி. ஆணிகள் மட்டும்!

என் நாய்ப் படங்களைக் காணோம்.

'நாய்ப் படத்துக்கா இந்தப் பதற்றம்?' என்று கேட்பீர்கள். சாதாரணப் படங்களா அவை? மேல்விஷாரத்தில் தோல் வியாபாரம் செய்கிற என் நண்பர் ரஃபீக் பாய் கொடுத்தவை. அவருடைய அப்பா காலத்தில், தோல் வாங்குகிற வெளிநாட்டுக்காரர் ஒருவர் வருஷா வருஷம் காலண்டர் அனுப்புவாராம். அதில் ஒரு வருஷம் முழுக்க நாய் கார்ட்டூன். வசனமே கிடையாது. மூணு மாசத்துக்கு ஒரு படம், நாலே படத்தில் ஒரு கதை.

"எங்க வீட்ல நாய்ப் படம் மாட்டுறதில்ல தோஸ்த். தூக்கிப் போடவும் மனசு வரல. நீ வெச்சுக்க" என்று நீட்டினார்.

விடுவேனா? ஆற்காட்டில் கொடுத்து நாலுக்கும் தனித்தனியாக ஃபிரேம் போட்டேன். தபால்காரரைக்கூட உள்ளே கூப்பிட்டுக் காட்டினேன். 'வின்டேஜ்' என்ற வார்த்தையை நான் சொன்ன அளவுக்கு இந்த ஜில்லாவில் வேறு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மனைவிக்கு போன் போட்டேன். சுமதி, நெமிலி பக்கத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ்.

"படங்க எங்க சுமதி?"

"இங்கதாங்க இருக்குது. ஊசி ரூம்ல."

"எந்த ஊசி ரூம்ல?"

"நாய்க்கடி ஊசி போடுற ரூம்ல."

எப்படி இருக்கிறது பாருங்கள்! நாய் கடித்து, வலியோடும் பயத்தோடும் வருகிற மனுஷனுக்கு, உள்ளே நுழைந்ததும் நாய்ப் படமா? கேட்டால், "நேர்ல வந்து பாருங்க, அப்புறம் பேசலாம்" என்று போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையிலேயே கிளம்பினேன். படங்களைத் திரும்பக் கொண்டுவர, கையில் பெரிய பை ஒன்று.

ஊசி ரூமுக்குள் போனவனுக்குக் கோபம் இரட்டிப்பாகிவிட்டது. நாலு படங்களும் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தன. பின்பக்கத்து அட்டையில் மார்க்கரால் பெரிது பெரிதாக எழுதியிருக்கிறாள்... ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

"இன்னா சுமதி இது?"

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. கண் வாசலில் இருந்தது. "ஏழுமலைன்னு ஒருத்தர். ராணிப்பேட்டை ஷூ கம்பெனில கட்டிங் வேலை. நேத்து மூணாவது ஊசிக்கு வரணும். வரல. போன் போட்டா எடுக்கல."

பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். நாய்க்கடிக்கு நாலு தடவை ஊசி. முதல் நாள், மூணாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். முதல் நாள் பயத்தில் ஓடி வருகிறார்கள். இரண்டாவதுக்கும் எப்படியோ வந்துவிடுகிறார்கள். அதற்குள் காயம் ஆறிவிடுகிறது. அப்புறம் ஏன் வரப்போகிறார்கள்? நாற்று நடவு, ஷிப்மென்ட், ஓ.டி.... ஏதாவது ஒரு காரணம்.

"நான் கத்திப் பார்த்துட்டேன், கெஞ்சிப் பார்த்துட்டேன். அந்த நோய் வந்துட்டா காப்பாத்த முடியாதுங்க. ஒரு ஊசிக்கு ஒரு படம்னு வெச்சேன். ஊசி போட்டதும் அவங்க நம்பர் படத்தை மட்டும் திருப்பிக் காட்டுவேன். அடுத்தது வேணும்னா அடுத்த ஊசிக்கு வரணும்."

முப்பது வருஷமாகப் பத்திரிகையில் எழுதுகிறேன். வாசகனை அடுத்த வாரம் வரவழைக்க நான் படாத பாடு படுகிறேன். இவள் நாலு ஆணியில் அதைச் செய்திருக்கிறாளே!

"சிஸ்டர்..."

வாசலில் ஒருவர். கம்பெனி ஐ.டி. கார்டு கழுத்தில் தொங்குகிறது. சுமதியின் முகத்தைப் பார்த்தேன். ஏழுமலைதான்!

"ஏன் நேத்து வரல?" சத்தமாகத்தான் கேட்டாள். ஆனால் கண் கலங்கியிருந்தது.

"ஷிப்மென்ட் சிஸ்டர். ஒரே பேஜாரு. ரெண்டு போட்டாச்சே, போதும் வுடுன்னாங்க கூட வேலை செய்றவங்க. நானும் சரின்னுதான் இருந்தேன். டேபிள்ல நின்னு தோலு வெட்டிக்கினு இருக்கேன்... படத்துல அந்த ஆளு ஒத்தக் கால்ல குதிச்சு ஓடுனது ஞாபகத்துக்கு வந்துச்சு. ஷூ கெடச்சுதா இல்லியா? ஷூ வேலை செய்றவனுக்கு அது தெரியாம எப்டி சிஸ்டர்?"

முதல் படத்தில், தொப்பி போட்ட ஒரு கனவான் பார்க் பெஞ்சில் ஒரு ஷூவைக் கழற்றிவிட்டுத் தூங்குகிறார். குண்டு நாய் ஒன்று அந்த ஷூவைப் பார்க்கிறது. இரண்டாவதில் நாய் ஷூவோடு ஓட, கனவான் நொண்டியடித்துத் துரத்துகிறார். அங்கேதான் ஏழுமலையின் கதை நின்றிருந்தது.

சுமதி இரண்டு தோளிலும் ஊசி போட்டு முடித்தாள். பிறகு மூன்றாவது படத்தைத் திருப்பினாள். கனவானின் தலை நாய்க்கூண்டுக்குள். பின்பக்கம் மட்டும் வெளியே.

ஏழுமலை விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்தில் போய் உற்றுப் பார்த்தார். "கால்ல இருக்கிற ஷூவப் பாருங்க. மேல்பாகம், அந்த அப்பரை ஒரே பீஸா வெட்டியிருக்கான். தோலு வேஸ்ட்டு ஜாஸ்தி ஆவும் சிஸ்டர்" என்று தொழில் தீர்ப்பும் சொன்னார்.

இத்தனை நாளாக அதே படத்தை 'வின்டேஜ், வின்டேஜ்' என்று ஊருக்கே காட்டினேன். ஒரு ஆள்கூட இப்படிப் பார்த்ததில்லை.

வெளியே வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், படம் உங்களுதாமே? கடைசில இன்னா ஆவுது? என்கிட்ட மட்டும் சொல்லுங்க."

என் பக்கத்தில் வந்து நின்ற சுமதி, என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டேன். "சிஸ்டர் சொன்ன தேதிக்கு வந்து பாருங்க" என்றேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பெருமை தாங்கவில்லை எனக்கு. என் மனைவி என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. உங்களிடம் சொல்லிவிட்டேன்.

ஹாலில் ஆணிகள் அப்படியே இருக்கின்றன. கேட்கிறவர்களிடம், படங்கள் டியூட்டிக்குப் போயிருக்கின்றன என்கிறேன்.

சரி, நாலாவது படத்தில் என்னதான் இருக்கிறது?

மன்னிக்க வேண்டும். நாலாவது ஊசிக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கிறது... ஏழுமலை டீக்கடையில் முதலில் புரட்டுவது இந்தப் பக்கத்தைத்தானாம்!