கடல் மட்டம் எங்கே இருக்கிறது?

1995 ஜூலையில் மலாக்கா டவுனில் ஒரு தனியார் கல்லூரியின் நில அளவை வகுப்பில் சேர்ந்தவர்களில் பெண் என்று புனிதா ஒருத்திதான் இருந்தாள். நியாலாஸ் பக்கம் எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கும் ஒரு தோட்டத்தில் டிராக்டர் ஓட்டும் வீராசாமியின் மூத்த மகள். தோட்டத்திலிருந்து தினமும் வந்து போக முடியாததால் பாயா ரும்புட்டில் அத்தை வீட்டில் தங்கியிருந்தாள்.

இந்தப் படிப்பு வீராசாமிக்குப் பிடிக்கவில்லை. ஆபீஸில் உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் படித்தால் போதும் என்று நினைத்தார். "வெயில்ல மூணு கால் கட்டயத் தூக்கிட்டு அலையறது பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு?" என்று கேட்டார்.

தோட்டத்தை அளக்க வந்த ஆட்கள் அந்தக் கட்டைமேல் இருந்த குழலில் கண்ணை வைத்து என்ன பார்க்கிறார்கள் என்று சின்ன வயதிலேயே அவள் கேட்டிருக்கிறாள். அவர்கள் விரட்டிவிட்டார்கள். "அதுக்குள்ள என்ன தெரியுதுன்னு பாக்கணும்பா" என்றாள். வீராசாமி சேர்க்கை பாரத்தை வாங்கி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

முதல் வாரமே பார்த்துவிட்டாள். கருவியை நிறுத்தி, உள்ளே இருக்கும் காற்றுக் குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை திருகைத் திருப்பி, கண்ணை வைத்ததும் ரோட்டுக்கு அந்தப் பக்கக் கோப்பிக் கடைக்காரரின் சட்டைப் பொத்தான் தெரிந்தது. நடுவில் மெல்லிய சிலுவைக் கோடு. அந்தக் கோட்டில் படுவதெல்லாம் ஒரே மட்டம் என்றார்கள். அன்று மத்தியானம் சாப்பிடப் போகாமல் கண்ணில் பட்ட படி, சுவர், போஸ்ட் எல்லாவற்றையும் குழல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது வாரம், பாடம் நடத்திய இராஜரட்ணம் கரும்பலகையில் ஒரு நீண்ட கோடு இழுத்தார். அரசாங்க சர்வே வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மலையோ வீட்டு வாசற்படியோ, எல்லா உயரத்தையும் கடல் மட்டத்திலிருந்துதான் கணக்கிடுகிறோம் என்றார்.

புனிதா கையைத் தூக்கினாள். ஆங்கிலம் வரவில்லை, மலாயில் கேட்டாள்.

"எந்த நேரத்துக் கடல், சார்? ஏறின கடலா, இறங்கின கடலா?"

வகுப்பு சிரித்தது. இராஜரட்ணம் சிரிக்கவில்லை. ஏறுவதையும் இறங்குவதையும் சேர்த்து எடுத்த சராசரி என்றார்.

"எத்தனை நாள் சராசரி, சார்?"

அவர் பாடத்தைத் தொடர்ந்தார். வகுப்பு முடிந்ததும் வெளியே அவளை நிறுத்தித் தமிழில் பேசினார். "பிள்ளை, நாங்கள் வேலை செய்யேக்க கல்லில வெட்டியிருக்கிற நம்பரை எடுத்து அதிலயிருந்து தொடங்குவம். அந்த நம்பர் எங்கயிருந்து வந்தது எண்டு நான் ஒருநாளும் கேட்கேல்லை. விசாரிச்சுச் சொல்லுறன்."

அவளுக்குப் பின் வரிசையில் உட்காருபவன் சுஜீவன். அப்பா பேங்கில் வேலை, டவுன் பையன். அவளோடு அதுவரை பேசியதில்லை. அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான்.

"நீ கேட்டது என் மண்டைக்குள்ளயே ஓடிட்டு இருக்குலா. நாமளே போய் அளந்தா என்ன?"

ஞாயிற்றுக்கிழமை அவள் பஸ்ஸிலும் அவன் மோட்டார் சைக்கிளிலும் கடலோரத்து உம்பாய்க்குப் போனார்கள். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு சிவப்புக் கோடு தீட்டிய மூங்கிலைப் படகுத்துறைத் தூண் ஒன்றில் கயிற்றால் கட்டினார்கள். பூட்டிக் கிடந்த ஒரு மீன் கடை வாசலில் உட்கார்ந்து, மணிக்கொரு தரம் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்தார்கள். காலையில் மூங்கில் பாதிக்கு மேல் முங்கியிருந்தது. மத்தியானம் அடியில் வெறும் சேறு. அதில் சேற்றிலேயே வாழும் சின்ன மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. சாயங்காலம் தண்ணீர் திரும்ப ஏறியது. கூட்டி வகுத்து, மூங்கிலில் ஓரிடத்தில் நகப்பூச்சால் கோடு போட்டாள் புனிதா.

"இதான் கடல் மட்டம்" என்றான் சுஜீவன்.

"ஒரு நாள்ல முடிஞ்சிடுமா? அடுத்த வாரமும் பாப்போம்" என்றாள்.

அதற்குள் விஷயம் தோட்டத்துக்குப் போய்விட்டது. கடற்கரையில் ஒரு பையனோடு உட்கார்ந்திருந்தாள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை வீராசாமி அத்தை வீட்டுக்கு வந்து நின்றார்.

"உம்பாயில ஒனக்கு என்னா வேல?"

"கடல அளக்கறோம்பா."

"கடலயா?"

"நாளைக்கும் போவணும். நீங்களும் வாங்க. நீங்களே பாத்துட்டுச் சொல்லுங்க."

மறுநாள் அவரும் உம்பாய்க்குப் போனார். சுஜீவன் எழுந்து "வாங்க அங்கிள்" என்றான். வீராசாமி அவனை மேலும் கீழும் பார்த்தார். கைகளைக் கட்டிக்கொண்டு மீன் கடை வாசல் பெஞ்சில் தனியாக உட்கார்ந்தார்.

போன வாரம் சேறு தெரிந்த அதே நேரத்தில் இப்போது மூங்கிலைச் சுற்றித் தண்ணீர் நின்றது. ஆனால் போன வாரம் காலையில் ஏறின உயரத்துக்கு அது ஏறவில்லை. இருவரும் பழைய கணக்கையும் புதுக் கணக்கையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். புதுச் சராசரி நகப்பூச்சுக் கோட்டை விட்டு விலகியே இருந்தது.

வீராசாமி எழுந்து வந்தார். படகுத்துறை ஓரம் குந்தி மூங்கிலைப் பார்த்தார்.

"போன வாரம் இந்நேரம் சேறுன்னு சொன்னியே?"

"ஆமாப்பா."

"அப்ப அந்தக் கணக்கு தப்பா, இது தப்பா?"

"ரெண்டும் சரிதான் அங்கிள்" என்றான் சுஜீவன். "அதான் ஒன்னும் புரியல."

போன வாரம் அமாவாசை என்பது வீராசாமிக்கு நினைவுக்கு வந்தது. "பௌர்ணமி அன்னிக்கும் வந்து பாக்கணும்" என்றார். அடுத்த மணிக்குக் கோடு எண்ணியது அவர்தான். சுஜீவன் வாங்கி வந்த தேத்தண்ணீரை வாங்கிக் குடித்தார். மகளைப் பற்றிக் கேட்க வந்தது எதையும் கேட்கவில்லை.

நான்காவது வாரம் இராஜரட்ணம் பதிலோடு வந்தார். பழைய நண்பர் ஒருவரை விசாரித்திருந்தார். கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கருவி இரவு பகலாகத் தண்ணீரைக் குறித்துக்கொண்டே இருந்ததாம். பல வருஷக் குறிப்பைச் சேர்த்துத்தான் அந்தச் சராசரி. நிலாவின் பாதை மெல்ல நகர்ந்து பழைய இடத்துக்கு வரவே ஏறக்குறைய பத்தொன்பது வருஷம் ஆகும் என்றார். பிறகு உம்பாய் மூங்கிலைப் பற்றி வகுப்புக்குச் சொல்லும்படி புனிதாவை எழுப்பினார். அவள் தடுமாறித் தடுமாறிச் சொன்னாள். முன்பு சிரித்தவர்களில் ஒருவன், பெருமழை பெய்தால் சராசரி மாறுமா என்று கேட்டான். தெரியாது என்றாள். எல்லார் முன்னாலும் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இல்லாதது அவளுக்கே புதிதாக இருந்தது.

அதே மாதக் கடைசியில், கடலோரத்தில் சர்வே இலாகா வைத்திருந்த அளவைக் கொட்டகை ஒன்றைக் காட்ட இராஜரட்ணம் வகுப்பைக் கூட்டிப் போனார். "எங்கப்பாவும் வரலாமா, சார்?" என்று புனிதா கேட்டிருந்தாள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வீராசாமி மாணவர்களோடு பஸ் ஏறினார்.

கொட்டகைக்குள் ஒரு பெரிய குழாய் கடலுக்குள் இறங்கியது. அதற்குள் ஒரு மிதவை. மேலே சுழலும் உருளையில் சுற்றிய தாள். மிதவை ஏறி இறங்குவதைத் தாளில் கோடாக வரையும் ஒரு பேனா. மற்றவர்கள் பார்த்துவிட்டு வெளியே போனார்கள். பேனா நகர்வது கண்ணுக்குத் தெரியவில்லை. புனிதா குனிந்து காத்திருந்தாள். வீராசாமி குழாயில் காதை வைத்தார்.

"ஏதும் கேக்குதாப்பா?"

"இரு" என்று கையைக் காட்டினார்.

சுஜீவன் இரண்டாம் பருவத்தோடு கணக்கியலுக்கு மாறிப் போனான். புனிதா படித்து முடித்து, மலாக்காவில் ஒரு சர்வே ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனால், இந்த வாரம் எதை அளந்தாய், எங்கிருந்து தொடங்கினாய் என்று வீராசாமி கேட்பார். சாப்பாடு ஆறிப்போகிறது என்று அம்மா கூப்பிடும்வரை பேச்சு ஓடும்.