பட்டறையில் பிடிக்கும், ரோட்டில் பிடிக்காது

செஞ்சியில் திண்டிவனம் சாலையோரம் வண்டி ஒயரிங் பட்டறை வைத்திருக்கும் அன்வர் பாஷாவிடம் யாரும் விரும்பிப் போவதில்லை. ஐம்பத்து மூன்று வயது, ஊர் கேட்கும் குரல், வருகிறவனைக் குற்றவாளியாக நிற்க வைத்து விசாரிக்கும் பழக்கம். பள்ளி வேன்காரர்கள் மட்டும் இருபது வருஷமாக அந்த ஏச்சைப் பொறுத்துக்கொண்டார்கள். அவர் கை வைத்த வண்டி நடுவழியில் காலை வாராது.

அந்தப் பெயருக்குத்தான் வீரமணி வேட்டு வைத்தான்.

வீரமணியிடம் பெரிய எல்.இ.டி. திரை பொருத்திய டிரெய்லர் இருந்தது. பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டி, அமாவாசைதோறும் மேல்மலையனூர் கோயில் கூட்டத்துக்கு இழுத்துப் போவான். டிரெய்லருக்குக் கரண்டில் இயங்கும் தனி பிரேக். ஒரு மாதமாக அது பிடிப்பதும் விடுவதுமாக இருந்தது. அன்வர் இரண்டு தடவை பார்த்தார். பட்டறையில் கச்சிதமாகப் பிடித்தது, அனுப்பிவிட்டார். நேற்று அவலூர்பேட்டை அருகே இறக்கத்தில் பிடிக்காமல், டிரெய்லர் பிக்கப்பையும் தள்ளிக்கொண்டு போய் இளநீர்க் கடைப் பந்தலைச் சாய்த்தது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

"பாய் பாத்த பிரேக்கு" என்று வீரமணி பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிவிட்டான்.

காலையில் வேன்காரர் கோவிந்தசாமி வந்து நின்றார். "என் கண்ணு முன்னால இத சரி பண்ணு பாய். இல்லன்னா எங்க ஆறு வேனும் வேற எடம் பாத்துக்கும். புள்ளைங்க ஏறுற வண்டி."

டிரெய்லரோடு வீரமணியும் வந்து சேர்ந்தான். மறுநாள் அமாவாசை.

"இன்னாய்யா மாத்துன இதுல?" என்றார் அன்வர்.

"ஒண்ணுத்தையும் தொடல. நீதான் தொட்ட. அப்பதான் கெட்டுச்சி."

"வாயக் கழுவிட்டு வா."

"நீ மொதல்ல கையக் கழுவு பாய்."

அன்வர் டிரெய்லர் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிச் சுழற்றினார். பிக்கப்பில் உட்கார்ந்து கோவிந்தசாமி பிரேக் பொத்தானை அழுத்தினார். சக்கரம் சட்டென நின்றது. பத்துத் தடவையும் நின்றது. வீரமணி கைதட்டினான்.

"சூப்பர் பாய். இந்தப் பட்டறையயும் மலையனூருக்கு இழுத்துனு போலாமா?"

அன்வர் டிரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ரோட்டில் குலுங்குகிற எது இங்கே குலுங்காமல் நிற்கிறது? இன்னொரு ஜாக்கியை எடுத்து டிரெய்லரின் முன் கம்பிக்கு அடியில் கொடுத்தார். இணைப்புக் கொக்கி, பிக்கப்பின் பின்னால் அது உட்காரும் இரும்புக் குண்டின் மேலிருந்து லேசாக எழும்பியது. சக்கரத்தை மறுபடி சுழற்றிவிட்டார்.

"இப்ப அழுத்து."

சக்கரம் நிற்கவே இல்லை.

பிரேக்குக்குப் போன கரண்டு திரும்பி வர எர்த் ஒயர் வேண்டும். அது வேலை செய்யாததால் கொக்கியும் குண்டும் உரசும் இடம் வழியாகத்தான் கரண்டு திரும்பிக்கொண்டிருந்தது. குலுங்கினால் வழி அறுந்தது. அன்வர் குனிந்து எர்த் போல்ட்டைக் கழற்றினார். ஒயருக்கும் இரும்புக்கும் நடுவே கெட்டியாக நீலப் பெயின்ட்; அதைத் தாண்டிக் கரண்டு போகாது.

"போன மாசம் ஆர்.டி.ஓ. ஆபீசுல எஃப்.சி. காட்டறதுக்கு பெயின்ட் அடிச்சது யாரு?"

"நான்தான். பெயின்ட் அடிச்சா குத்தமா?"

"ஒயரக் கழட்டி, அடிச்சி, பெயின்ட் மேலயே முறுக்கிட்ட. கேட்டா ஒண்ணும் தொடலன்ற!"

கோவிந்தசாமி இறங்கி வந்தார். "ரெண்டு தடவ பாத்தியே பாய், இது ஏன் ஒன் கண்ணுல படல?"

அன்வரின் முகம் கறுத்தது. "ஆட்டிப் பாத்தேன். இறுக்கமா இருந்துது. கழட்டிப் பாக்கல. அது என் தப்புதான்." பிறகு உப்புத்தாளை வீரமணியின் மேல் விட்டெறிந்தார். "உன் கையால பூசுன, உன் கையால தேய்."

திருவண்ணாமலை பஸ் மெதுவாகக் கடக்க, சன்னலோரத்துத் தலைகள் பார்க்க, வீரமணி ரோட்டில் மண்டியிட்டுத் தேய்த்தான். இரும்பு பளிச்சென்று தெரியும்வரை அன்வர் விடவில்லை. ஒயரை மாட்டி இறுக்கி, கொக்கியை மறுபடி தூக்கிவிட்டுச் சக்கரத்தைச் சுழற்றினார். கோவிந்தசாமி திரும்ப ஏறி அழுத்தினார். நின்றது. அவர் சலிக்காமல் இருபது தடவை அழுத்தினார்.

வீரமணி வண்டியைக் கிளப்பினான். "பொழப்பப் பாரு பாய்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கோவிந்தசாமி கிளம்பும்போது சொன்னார்: "நாளைக்கி ரெண்டு வேன் வருது. மீதி நாலு, பெறவு பாக்கலாம்."

"ரெண்டா?" என்று கத்தினார் அன்வர்.

"தப்ப ஒத்துக்கினதால ரெண்டு."