சுவரைப் பார்த்து நிற்கும் அப்பா

நடுவர் விசில் ஊதுகிறார். பந்து மகள் ஸ்மில்தேயின் கைக்குப் போகப்போகிறது என்று தெரிந்ததும் விட்மந்தாஸ் மேல்வரிசைப் பெஞ்சை விட்டு எழுந்து, ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்கிறார். பள்ளி அரங்கின் சுவரோரமாக உடற்பயிற்சிக்கென்று அடித்த மர ஏணிகள் இருக்கின்றன. அதில் ஒரு கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூக்கு சுவரில் இடிக்கிற மாதிரி நிற்பார். காலில் நீல பிளாஸ்டிக் உறை. வெளிச் சேறு உள்ளே வரக்கூடாது என்று வாசல்காரி எல்லார் காலிலும் மாட்டவைப்பது. ஒரு பக்கக் கன்னம் புடைத்திருக்கும். உள்ளே மிட்டாய்.

கூடைப்பந்தில் எதிரணி தப்பாக இடித்தால் தண்டனையாகக் கொடுக்கிற வீச்சு அது. ஃப்ரீ த்ரோ. யாரும் குறுக்கே வரமாட்டார்கள். கோட்டில் தனியாக நின்று நிதானமாகப் போடலாம். சொந்த மகள் அப்படி நிற்பதைப் பார்க்காத ஒரே அப்பா லிதுவேனியாவிலேயே இவராகத்தான் இருப்பார்.

"சத்தத்த வெச்சே சொல்லிருவேன்" என்பது அவர் சமாதானம். "வலையில விழுந்தா சரக்குன்னு கேக்கும். கம்பியில பட்டா டங்குன்னு. ரெண்டும் கேக்கலன்னா ஔஷ்ரா பெருமூச்சு விடுவா."

ஔஷ்ரா முடிதிருத்தகம் நடத்துகிறவள். அவள் மகளும் அதே அணிதான். "உன் பின்மண்டையப் பாத்துப் பாத்து எனக்கு மனப்பாடமே ஆயிருச்சுய்யா. ஒருநா கடைக்கு வா, அந்தப் பக்கத்த ஒழுங்கா வெட்டி விடறேன். அதத்தானே ஊரு பாக்குது" என்பாள்.

தொழில் என்று பார்த்தால், விட்மந்தாஸ் கௌனாஸ் நகரத்தில் டிராலிபஸ் ஓட்டுகிறார். அந்த வேலையில் அவரைப்போல் பொறுமைசாலி டிப்போவிலேயே இல்லை. மின்கம்பியைத் தொட்டுக்கொண்டு போகும் இரண்டு நீளக் கொம்புகளும் பனிக்காலத்தில் அடிக்கடி நழுவும். வண்டி நடுரோட்டில் நிற்கும், பின்னால் கார்கள் கத்தும், உள்ளே இருக்கிறவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இவர் கையுறை மாட்டிக்கொண்டு இறங்கி, பின்னால் போய்க் கயிற்றை இழுத்து, கொம்பை மெல்லக் கம்பியில் உட்கார வைத்துவிட்டு ஏறி வருவார். "கோவிச்சுக்கிச்சு. சமாதானம் பண்ணிட்டேன்" என்று ஒரு வார்த்தை. அவர் ஹாரன் அடித்து யாரும் கேட்டதில்லை.

அதே ஆள் சனிக்கிழமை கூடைப்பந்து அரங்குக்குள் நுழைந்தால் போதும், வேறு பிறவி. அந்த ஊரில் இது பெரிய குற்றமும் இல்லை. கௌனாஸில் கூடைப்பந்து கோச்சாக இல்லாத மனிதரைக் காண்பது அரிது. பல் டாக்டர் பல்லைக் குடைந்துகொண்டே நேற்றைய ஆட்டத்தில் யாரை முன்பே உட்கார வைத்திருக்க வேண்டும் என்று சொல்வார். வாயைத் திறந்து கிடப்பவர் "ஆ, ஆ" என்று மறுப்பார். விட்மந்தாஸுக்கு முழங்கைதான் பைத்தியம். பந்து போடும்போது முழங்கை உள்ளே இருக்க வேண்டும், வெளியே விரியக்கூடாது. அவருடைய அப்பா அவருக்குச் சொன்னது. அதை அவர் மகளுக்கு மேல்வரிசையிலிருந்து, டிப்போவரை கேட்கும் குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

போன இலையுதிர்காலத்தில் ஓர் ஆட்டம் முடிந்து காரில் திரும்பும்போது, ஸ்மில்தே ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். பன்னிரண்டு வயது அவளுக்கு.

"அப்பா, இனிமே சனிக்கிழம நீ வராதப்பா."

"ஏண்டா கண்ணு?"

"கோட்டுல நின்னா பந்து மேல நெனப்பே இருக்க மாட்டேங்குது. நீ என்ன சொல்லப்போறியோன்னு உன்னையேதான் பாக்கறேன். பயிற்சியில எல்லாம் விழுது. நீ இருந்தா விழ மாட்டேங்குது."

வைப்பர் மட்டும் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. வாரம் முழுக்க அதிகாலை ஷிஃப்டை மாற்றி, ஞாயிற்றுக்கிழமையை விற்று, அவர் சம்பாதித்து வைத்திருப்பது அந்த ஒரு சனிக்கிழமையைத்தான். அதுவும் போய்விட்டால் அவருக்கு வேறு என்ன இருக்கிறது? அன்று இரவு உருளைக்கிழங்குப் பணியாரம் தட்டிலேயே ஆறிப்போனது. வயிறு நிறைய அழுகை இருக்கும்போது எப்படி இறங்கும்?

மனைவி விலியாதான் இரண்டு பேருக்கும் நடுவில் பஞ்சாயத்து பண்ணினாள். "வாயத் தொறக்க மாட்டேன்னு சொல்லு, அவ சரிம்பா."

"நானா? பேசாமயா?"

"வண்டியில பேசாமத்தான ஓட்டுற? டிரைவரோட பேசாதீங்கன்னு போர்டு தொங்குதுல்ல, அத எடுத்து உன் கழுத்துல மாட்டிக்க."

ஸ்மில்தே ஒப்புக்கொண்டாள், ஒரு நிபந்தனையோடு. ஒருமுறை கத்தினாலும் அந்தப் பருவம் முழுக்க அவர் வரக்கூடாது. அப்படித்தான் மிட்டாய் வந்தது. டிப்போ வாசல் பெட்டிக்கடையில் விற்கும் பால் மிட்டாய். கமர்கட்டுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். கடித்தால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டிக்கொண்டு, கத்த நினைத்தாலும் "ம்ம்" என்றுதான் வரும். ஆட்டம் முடியும்போது ஜாக்கெட் பையில் காகிதம் மட்டும் மிஞ்சும்.

கோச் டாங்குவொலே ஐம்பதைத் தாண்டிய அம்மாள், குள்ளம், விசிலைவிடப் பார்வைக்குத்தான் பிள்ளைகள் பயப்படுவார்கள். பனிக்காலம் தொடங்கியதும் பெற்றோர் கூட்டம் என்று கூப்பிட்டார். போனால் நாற்காலியும் இல்லை, பேச்சும் இல்லை. பெற்றோர் ஒவ்வொருவராகக் கோட்டில் நின்று ஃப்ரீ த்ரோ போட வேண்டும். பிள்ளைகள் மேல்வரிசையில் உட்கார்ந்து, பெற்றோர் வழக்கமாகக் கத்துவதை அப்படியே திருப்பிக் கத்த வேண்டும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். "கால மடக்கும்மா! தூங்குறியா?" "இதுக்கா ஷூ வாங்கிக் குடுத்தேன்?" ஔஷ்ரா சிரித்துச் சிரித்துப் பந்தைக் காலில் போட்டுக்கொண்டாள். விட்மந்தாஸ் முறை வந்தது. இளமையில் நன்றாக ஆடினவர்தான். போட்டதில் ஒன்றுகூட விழவில்லை. மற்ற பிள்ளைகள் எல்லாம் "முழங்கை! முழங்கை!" என்று கத்தினார்கள். அவர் பெயரே அணிக்குள் அதுதான் என்பது அன்றுதான் தெரிந்தது. ஸ்மில்தே மட்டும் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கேட்டார். "நீ ஏண்டா கத்தல?"

"உன்னப் பாத்தா பாவமா இருந்துச்சுப்பா."

அதற்கு அவள் நாலு திட்டுத் திட்டியிருக்கலாம்.

அன்றிலிருந்து கோச் சொன்னதே வீட்டுச் சட்டம். பாடம் முடிக்கும்வரை கைபேசி ரொட்டி டப்பாவுக்குள் போக வேண்டும். மகளுடையது மட்டுமென்றால் நியாயமில்லை என்று விலியா சொன்னதால், அதில் ஓடும் பெரிய அணிகளின் ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு விட்மந்தாஸின் கைபேசியும் கறுப்பு ரொட்டியோடு போய்ப் படுத்துக்கொள்ளும். விளையாட்டுப் பையை அவளேதான் கட்ட வேண்டும், அவளேதான் தூக்க வேண்டும். ஒருமுறை ஆட்டத்துக்கான ஷூவை வாசலிலேயே மறந்துவிட்டு மாடிப்படி இறங்கிப் போய்விட்டாள். அவர் பார்த்துவிட்டார், குனிந்து எடுத்தும்விட்டார். விலியா அவர் கையிலிருந்து வாங்கி, இருந்த இடத்திலேயே வைத்தாள். "அடப்பாவி, நீயெல்லாம் ஒரு தாயா?" என்று கேட்டார். அன்று ஸ்மில்தே சாக்ஸோடு பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தாள். அவர் ஒரு பை மிட்டாய் தின்றார். அப்புறம் அவள் எதையும் மறந்ததில்லை.

அவருக்கென்று கோச் கொடுத்த வேலை ஒன்று உண்டு. குடியிருப்புக் கட்டடங்களுக்கு நடுவே இருக்கும் முற்றத்தில் ஒரு வளையம் இருக்கிறது. சாயங்காலம் மகள் அங்கே போட்டுப் பழகுவாள். "நீ கீழ நின்னு பந்த எடுத்துக் குடு. அவ்வளவுதான். வாயத் தொறந்தா மேல ஏறி வீட்டுக்குப் போயிரு" என்று டாங்குவொலே சொல்லியிருக்கிறார். விட்மந்தாஸ் முதலில் பனியைத் தள்ளிக் கோட்டைத் தேடி எடுப்பார். பிறகு வளையத்துக்கடியில் நின்று, இரண்டு உள்ளங்கையையும் மார்புக்கு நேரே விரித்து வைத்துக்கொள்வார். விழுந்த பந்து அந்தக் கைக்குள் வரும்; திருப்பிப் போடுவார். விழாத பந்தை ஓடிப் பொறுக்கி வந்து, அதே மாதிரித் திருப்பிப் போடுவார். முகத்தில் எதையும் காட்டக்கூடாது என்பதும் கட்டளை.

அப்படிச் சும்மா நின்றபோதுதான் மகளை முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தார் என்று சொல்ல வேண்டும். ஷூவின் அடியை உள்ளங்கையால் துடைத்துக்கொள்கிறாள். மூச்சை மெல்ல வெளியே விடுகிறாள், குளிரில் அது புகையாய்ப் போகிறது. புகை கலைந்த பிறகே போடுகிறாள். அவசரமே இல்லை. கொம்பு நழுவிய வண்டியிலிருந்து இறங்கும்போது தன் கையும் இப்படித்தான் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. மனசு நிறைந்து போயிற்று. ஒன்றுதான் பொறுக்க முடியவில்லை. முழங்கை வெளியே போகிறது, பந்து உள்ளே போகிறது. இந்த அநியாயத்தை அவர் யாரிடம் போய்ச் சொல்வார்?

பிப்ரவரியில் கெடைனியாய் ஊருக்கு ஆடப் போனார்கள். கடைசிக் கால் பகுதி. மிட்டாய் கரைந்துபோய், அடுத்ததைப் பிரிக்கும் நேரத்தில் ஸ்மில்தே கோட்டுக்கு வந்துவிட்டாள்.

"முழங்கைஐஐ!"

கத்திய பிறகுதான் அது தன் குரல் என்று அவருக்கே தெரிந்தது. அரங்கம் முழுக்கத் திரும்பியது. அவளும் திரும்பிப் பார்த்தாள். இரண்டு வீச்சும் வீண். அன்று அவள் ஔஷ்ராவின் காரில் வீடு வந்தாள். "சொன்னியேப்பா" என்பதைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலையில் அவர் சமையலறை மேசையை விட்டு எழவில்லை. பேச்சு என்றால் பேச்சு. காபியில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தார், அது எப்போதோ கரைந்துவிட்டிருந்தது. ஸ்மில்தே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனாள். கதவைத் திறந்தாள். போகவில்லை.

"கெளம்பலியாப்பா?"

"நான் வரலடா கண்ணு. பாத்தா தானா வாய் தொறந்துருது."

அவள் கொஞ்சநேரம் ஷூ நுனியால் மிதியடியைத் தேய்த்தாள்.

"அப்பப் பாக்காத. வா, ஆனா பாக்காத."

சுவர் வந்தது அப்படி. மிச்ச ஆட்டத்தையெல்லாம் உட்கார்ந்து பார்ப்பார். அவள் கோட்டுக்கு வந்தால் எழுந்து ஏணியைப் பிடித்துக்கொள்வார். சரக்கென்று கேட்டால் அவர் தோள் மட்டும் கொஞ்சம் குலுங்கும். டங்கென்று கேட்டால் கட்டையைப் பிடித்திருக்கும் விரல் வெளுக்கும். மார்ச் முழுவதும் சரக்குதான் அதிகம் கேட்டது.

வசந்தத்தில் பருவத்தின் கடைசி ஆட்டம், யோனவா அணியோடு. அரங்கின் ஓரத்து மேசையில் யாரோ கொண்டுவந்த ஆப்பிள் கேக் வெட்டாமலே கிடந்தது. யாரும் இடத்தை விட்டு அசையவில்லை. இவர்கள் ஒரே ஒரு புள்ளி பின்தங்கியிருக்கையில், கடைசி நொடிகளில் ஸ்மில்தேயை இடித்துத் தள்ளிவிட்டார்கள். இரண்டு வீச்சு. விட்மந்தாஸ் எழுந்தார், திரும்பினார், கட்டையைப் பிடித்தார், கண்ணையும் மூடிக்கொண்டார்.

பந்து தரையில் தட்டும் சத்தத்துக்குக் காத்திருந்தார். கேட்கவில்லை. சரக்கும் இல்லை, டங்கும் இல்லை. ஔஷ்ராகூடப் பெருமூச்சு விடவில்லை. மாறாக அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"யோவ், திரும்புய்யா. உன் பொண்ணு உன்னத்தான் பாக்குறா."

"பாக்கட்டும். நான் பாக்கக் கூடாது" என்றார் மிட்டாய்க்குள்ளிருந்து.

"அட, அவதான்யா கூப்புடுறா!"

கழுத்தை மட்டும் திருப்பினார். நடுவர் பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கோட்டில் நின்ற ஸ்மில்தே அவரைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கி, காற்றில் ஒரு வட்டம் போட்டாள். அப்பாவுக்குப் புரியவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, இன்னொரு வட்டம் போட்டாள். திரும்பு.

அவர் ஏணியை விட்டார், உடம்பு முழுவதும் திரும்பினார். ஸ்மில்தே அதற்குமேல் அவரைப் பார்க்கவில்லை. நடுவரிடம் பந்தை வாங்கினாள். ஷூவின் அடியைத் துடைத்தாள், மூச்சை வெளியே விட்டாள். முழங்கை வெளியேதான் இருந்தது. விட்மந்தாஸ் பழக்கத்தில் மிட்டாய்க்காகப் பைக்குள் விட்ட கையை வெறுமையாகவே வெளியே எடுத்தார். பந்து அவள் விரலை விட்டுக் கிளம்பியபோது, அத்தனை பேருக்கும் நடுவே, மேல்வரிசையில், நீல உறை மாட்டிய காலோடு நின்றுகொண்டு அவர் இரண்டு உள்ளங்கையையும் மார்புக்கு நேரே விரித்து வைத்திருந்தார்.