சத்தத்தில் மட்டும் இருப்பவர்

பழைய ஹார்ட் டிஸ்கில் என் ஏழாவது பிறந்தநாள் வீடியோ கிடைத்தது. திறந்தால் படம் மட்டும் ஓடியது, சத்தம் வரவில்லை. மடியில் இருந்த மகளுக்கு அதுவே போதும். எனக்குப் போதவில்லை. கேமராவைப் பிடித்தவர் அப்பா. போய்ச் சேர்ந்துவிட்ட அவர் இதில் இருப்பது சத்தத்தில் மட்டும்தான்.

எல்லா வீடியோவையும் ஓட்டும் என்று சொன்ன ஒரு பிளேயரை இறக்கினேன். கணவரின் ஆபீஸ் லேப்டாப், வைரஸ் ஏறிவிடுமோ என்று பயமாகவும் இருந்தது.

நான் சின்னவளாக இருந்தபோது எங்கள் அண்ணனூர் வீட்டில் அப்பாவும் ஞாயிறுதோறும் பிளேயர்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார். ஒன்றில் படம் தலைகீழாக வரும், இன்னொன்றில் எல்லார் முகமும் பச்சையாக இருக்கும். கம்ப்யூட்டரின் சூடான தூசி வாசனையோடு மீன் குழம்பு மணக்கும்.

"குழம்பு ஆறுது. உங்க ஆராய்ச்சி முடிஞ்சுதா இல்லையா?" என்பாள் அம்மா.

"இரும்மே, இதுல கண்டிப்பா வந்துரும்."

இப்போது நான் இறக்கிய பிளேயரில் சத்தம் வந்துவிட்டது. கேக்குக்குப் பின்னால் என்னோடு நிற்கும் அம்மா, "ஏங்க, நீங்களும் வந்து நில்லுங்களேன்" என்கிறாள்.

"நானும் வந்துட்டா கேமராவ யாரு புடிக்கிறது? அடுத்த தபா நிக்கிறேன்."

அதன்பின் எத்தனையோ பிறந்தநாள்கள். எல்லாவற்றிலும் கேமரா அவர் கையில்தான். அதை வாங்கிக்கொண்டு அவரை நிற்கவைக்க எங்களுக்குத் தோன்றவே இல்லை.

"யாரும்மா பேசறது?"

"உன் தாத்தா."

மகள் திரையில் மூக்கு படும்படி குனிந்து தேடினாள். "எங்க?"

நான் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.