அலுத்துப்போகாத அம்மா

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெய்வேலியில் டயாலிசிஸ் போடும் இடத்தில், பக்கத்துக் கட்டிலில் அந்த அம்மாவைப் பார்த்தேன். முகமெல்லாம் வீங்கியிருக்கும். ஆனாலும் கல்யாணத்துக்குக் கிளம்பியவர்போலப் பவுடர் போட்டு, கனகாம்பரம் வைத்துக்கொண்டுதான் வருவார்.

இதுதான் கடைசி, இனி ஊசி வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவிட்டு நான் போயிருந்த நாள் அது. எதிர்க்கட்டில் ரிட்டயர்டு வாத்தியார் எனக்கு ஆறுதலாக, "சாவு இருக்கறதாலதாம்மா வாழ்க்கைக்கே அர்த்தம்" என்றார்.

அந்த அம்மா விடவில்லை.

"இன்னா சார் பேசறீங்க? ஒருநாள் கம்பெனி குவார்ட்டர்ஸ காலி பண்ணணுமேன்னா நாங்க முருங்க வச்சோம்? காய் துன்னத்தான வச்சோம்! வுட்டிருந்தா ஆயிரம் வருசம் அங்கியே குந்திகினு பறிச்சிருப்பேன்."

"அலுத்துப்போகும்மா."

"உங்களுக்கு அலுத்துதுன்னா மிச்சத்த எனக்குக் குடுத்துட்டுப் போங்க!"

நர்ஸ்கூடச் சிரித்துவிட்டார். நான் அடுத்த முறையும் போனேன், இன்றும் போகிறேன். அந்த அம்மாவை வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்களாம். எந்த ஊர் என்று கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்டேன்.

அவர் பேசியதை நான் சரியாகத்தான் எழுதினேனா என்று தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். அவரே படித்துத் திருத்தினால் இன்னும் நல்லது.